உப்புக் கரித்த புட்டி

"இன்னா வாத்யாரே, அந்தத் தட்டையே மொறச்சிப் பாத்துகினு கீற? கொலகாரன் பேரு அதுலயா எழுதிக் கீது?"

வாசற்படியில் நின்றபடி கேட்டான் உதவியாள் உசேன். துப்பறியும் சிவந்தி தட்டைக் கவிழ்த்து வைத்தார். அந்த அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய், ஒரு தலையணை இருந்தன. இரண்டாவது என்று சொல்ல ஒரு சாமான் கிடையாது. ராயபுரத்தில் அரிசி மண்டிக்கு மேலே அவர் குடியிருக்கும் அறையும் இதே லட்சணம்தான். யாராவது பார்க்க வந்தால் டீ கொடுப்பதற்குக் கீழே மண்டியில் டம்ளர் இரவல் கேட்க வேண்டும். நல்ல வேளை, யாரும் வருவதில்லை. காணாமல் போனவனின் அறையில் நிற்கிறோமா, தம் அறையிலேயே நிற்கிறோமா என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"உள்ள ஒண்ணுமில்ல. வா, கொல்லைப்பக்கம் பாப்போம்" என்றார்.

காணாமல் போனவன் பெயர் வெள்ளத்துரை. ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் சர்க்கார் உத்தியோகம். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுவதற்குள் அதில் என்ன அழுக்கு சேருகிறது, அது எதுவரைக்கும் போகிறது, எங்கே தங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் பாஸ்கர் என்ற மீனவனின் படகில் ஏறி, ஆற்றில் குறிப்பிட்ட சில இடங்களில் புட்டி புட்டியாகத் தண்ணீர் மொண்டு வருவான். மற்ற நாளெல்லாம் அந்தப் புட்டிகளோடு குடித்தனம்.

போன வியாழக்கிழமை மீன் மார்க்கெட்டில் பாஸ்கருக்கும் அவனுக்கும் பெரிய வாய்ச்சண்டை. "ஆத்துல மீனு செத்து மெதக்குது, நீ தண்ணியப் புட்டில அடச்சி அழகு பாத்துகினு கீறியா? ஒரு நாளு உன்னியும் புட்டியோட சேத்து ஆத்துல அமுக்கிடுவேன்!" என்று பாஸ்கர் கத்தியதை மார்க்கெட்டே கேட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை பாஸ்கரின் படகு ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. கரைச் சேற்றில் வெள்ளத்துரையின் செருப்பு. ஆளைக் காணோம். கேட்காமலே படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பாஸ்கர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரின் குப்பத்து ஜனங்கள் சேர்ந்து ஆற்றின் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். கோடையில் கடல் அங்கே மணலை அள்ளிப்போட்டு ஆற்றின் வாயை அடைத்துவிடும். ஊரே மண்வெட்டியோடு போய், சூடம் கொளுத்தி, வாயை வெட்டிக் கடலை உள்ளே விடுவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் கருணாகரன் வேறு கணக்குப் போட்டார். பிணத்தைக் கடலோடு அனுப்பிவிடத்தான் வெட்டினார்கள் என்றார். பாஸ்கர் லாக்கப்பில். நாளைக்கு அவனைப் பொன்னேரி கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சபதம் போட்டிருந்தார். பாஸ்கரின் மனைவி பவுனம்மாள் மீன் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் சிவந்தியிடம் ஓடி வந்தது அதனால்தான்.

அவள் இப்போது கொல்லையில் ஒரு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீட்டுக்காரி காத்தூன் பீவி. முன்கட்டில் பீவி, பின்கட்டில் வெள்ளத்துரை.

கொல்லை முழுக்க ஓர் ஆறு படுத்திருந்தது.

நிஜ ஆறல்ல, சிமெண்டால் கட்டிய ஆறு. ஒரு முழ அகலத்தில் வளைந்து வளைந்து வந்தது. கரையோரம் சுண்ணாம்பால் மணலி, சடையங்குப்பம் என்று ஊர்ப் பெயர்கள். குறுக்கே ஒரு தகரத் துண்டு, அது ரயில் பாலம். வடக்கே ஒரு கிளை பிரிந்து காட்டுப்பள்ளி வரைக்கும் போனது. கிழக்கே ஒரு பெரிய தொட்டி, அதுதான் வங்காள விரிகுடா.

"ஆத்தப் பாக்கணும்னா ஆத்தாண்ட போவணும். இவுரு ஆத்தையே வூட்டாண்ட இட்டாந்துட்டாரே!" என்றான் உசேன்.

"அது அவரு ஆறு, பேட்டா" என்றாள் பீவி. "செவப்பு மை ஊத்துவாரு. அது எங்க போவுது, எங்க நிக்குதுன்னு நாளெல்லாம் குந்திகினு பாப்பாரு. வந்து ரெண்டு வருசமாச்சி. எங்கிட்ட வாடகை குடுக்கறப்போ ஒரு வார்த்த, அவ்ளோதான். ஆத்துகிட்ட மட்டும் பேசுவாரு. 'ஏன் இங்க நின்னுட்ட, போ போ'ம்பாரு. நாங்கூட யாரோ விருந்தாளின்னு எட்டிப் பாத்தேன்."

சிவந்தியும் அறையில் கெடிகாரத்தோடு பேசுகிற ஆசாமிதான். அதை உசேனிடம் சொன்னால் ஆயுசு முழுக்கக் கேலி பண்ணுவான்.

"யாராவது தேடி வந்தாங்களா பீவி?"

"ஒரே ஒரு ஆளு. காரு வெச்சிகினு வந்தான். மணலியாண்ட புச்சா தோல் கம்பெனி வந்துக் கீதே, அத்தோட மேனேஜராம். ஆறு சுத்தமாக் கீதுன்னு எழுதிக் குடுன்னான். இவுரு மாட்டேன்னாரு. போறப்ப புட்டிங்களக் காமிச்சி, 'கண்ணாடி சாமான், ஒடஞ்சா கூட்டி அள்ளக்கூட முடியாது'ன்னுட்டுப் போனான்."

"எப்ப?"

"காணாமப் போறதுக்கு மொத நாளு சாயங்காலம்."

சிவந்தி சிமெண்ட் ஆற்றின் கரையோடு மெல்ல நடந்தார். மேல் ஆற்றில் எங்கும் காய்ந்த வண்டலும் சருகும். முகத்துவாரத்துக்கு வந்ததும் குனிந்தார். அங்கே மட்டும் சிமெண்ட் ஈரம் காயாமல் கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு களிமண் உருண்டை. அதில் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"பீவி, இந்த வாய் எப்பவும் இப்படித் திறந்தா கிடக்கும்?"

"இல்லியே. நெஜ ஆத்துல வாய் அடச்சிகினா இதுலயும் களிமண்ண வெச்சி அடச்சிடுவாரு. இந்த வருசமும் அடச்சித்தான வெச்சிருந்தாரு!" பீவி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "நான் தொடல. அல்லா மேல ஆணையா நான் தொடல. இன்னிக்கி விடியங்காட்டி இங்க தண்ணி ஊத்தற சத்தம் கேட்டிச்சி. செத்தவரு ஆவிதான் வந்துக் கீதுன்னு போர்வைய இஸ்து மூடிகினேன்."

"பேயின்னா ரத்தம் கேக்கும், கோழி கேக்கும்" என்றான் உசேன். "வந்து ஆத்த ரிப்பேர் பண்ணிட்டுப் போற பேய இன்னிக்கித்தான் கேள்விப்படறேன். சோக்கான பேயி."

சிவந்தி சிரிக்கவில்லை. வெள்ளத்துரை காணாமல் போனது வெள்ளிக்கிழமை. நிஜ ஆற்றின் வாயை வெட்டியது ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் யாரோ இங்கே வந்து இந்தப் பொம்மை ஆற்றின் வாயையும் திறந்து, தண்ணீரை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். திருட வருகிறவன் செய்கிற காரியமல்ல. உடைக்க வருகிறவன் செய்கிற காரியமும் அல்ல.

அவர் பார்வை சுவரோரம் தாழ்வாரத்துக்குப் போனது. அங்கே சோடா கடைத் தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் குழி வெட்டிய ஒரு பெரிய மரப்பலகை. ஒவ்வொரு குழியிலும் தக்கை போட்ட ஒரு புட்டி. குறுக்கு வரிசைக்கு ஓர் ஊர், நெடுக்கு வரிசைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. போன வாரம் வரைக்கும் ஒரு குழி தப்பவில்லை. தீபாவளி வந்ததோ பொங்கல் வந்ததோ, அந்த மனிதன் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட விட்டதில்லை என்று அந்தப் பலகையே சொன்னது.

கடைசி நெடுக்கு வரிசை இந்த வாரத்துக்கு உரியது. செவ்வாய்க்கிழமை என்றால் நேற்று. மணலிக் குழி காலி. சடையங்குப்பம் காலி. பாலம் காலி. முகத்துவாரம் காலி. காட்டுப்பள்ளிக் குழியில் மட்டும் ஒரு புட்டி நின்றது.

"உசேன், இங்க வா. இதைப் பாரு."

உசேன் பார்த்தான். "இன்னா இப்ப? காணாமப் போறதுக்கு மின்னாடியே மொண்டு வெச்சிருப்பாரு. இன்ஸ்பெக்டரு அத்தத்தான் சொல்வாரு."

"சொல்லுவாரு. அவரு வாயை எப்படி அடைக்கிறதுன்னுதான் பாக்குறேன்." சிவந்தி புட்டியை எடுத்துத் தக்கையைப் பிடுங்கினார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார்.

உசேன் துள்ளிக் குதித்தான். "யோவ் வாத்யாரே! இன்னாய்யா இது, கலீஜ் தண்ணி! மாடு குளிக்கிற தண்ணி! காலரா வந்து நீ பூட்டேன்னா நான் எங்க போவேன்?"

"வேற வாத்தியாரைத் தேடிக்க." சிவந்தி முந்தின வாரத்துக் காட்டுப்பள்ளிப் புட்டியை எடுத்து அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதற்கு முந்தின வாரத்தையும். பிறகு பவுனம்மாளைக் கூப்பிட்டார். "நீயும் பாரும்மா. இது போன வாரம். இது இந்த வாரம்."

பவுனம்மாள் விரலைத் தொட்டு வைத்தாள். "இது சப்புன்னு கீது நைனா. கோட மழ கொட்டிச்சில்ல, வாய் வேற அடச்சிகினு இருந்திச்சி, ஆறு முச்சூடும் மழத்தண்ணிதான்." இரண்டாவதைத் தொட்டாள். உடனே துப்பினாள். "உப்பு! கடத்தண்ணி இது!"

"கடல் எப்ப உள்ள வந்தது?"

"ஞாயித்துக்கெழம. நாங்க வாய் வெட்னப்பறம்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப இத்த மொண்டது யாரு?" என்றான் உசேன். அவன் குரலில் கேலி போயிருந்தது.

சிவந்திக்கு ஒரு பதில் தோன்றிவிட்டது. ஆனால் பவுனம்மாளின் கண்ணைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். பொய்யாகிப்போனால் அந்தப் பெண் தாங்கமாட்டாள். "யாரா இருந்தாலும் அந்த ஆள் காட்டுப்பள்ளியில இருக்கான். மத்த இடத்துல போய் மொண்டா யாராவது பாத்துடுவாங்க. படகு ஏற்பாடு பண்ண முடியுமாம்மா?"

"எங்கண்ணன் படகு கீது. நானே தள்ளுவேன்" என்றாள் பவுனம்மாள்.

ஆறு அகலமாக, ஆளில்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சேறு. தொலைவில் எண்ணூர் ரயில் ஒரு தடவை கூவிவிட்டுப் போன பிறகு பவுனம்மாளின் கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும்தான். வெள்ளி வயிறு தெரிய மீன்கள் இங்கும் அங்கும் மிதந்தன. இந்த வெறுமையில் வாராவாரம் ஒரு மனிதன் வந்து புட்டியை அமுக்கி, நிரப்பி, தக்கை போட்டுக்கொண்டு போயிருக்கிறான். எதற்கு என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. சிவந்திக்கு அதை நினைக்க நினைக்கத் துக்கமாக இருந்தது. நீச்சல் தெரியாத உசேன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முதல் தடவையாக வாயை மூடியிருந்தான்.

"அந்த சாருகூட எம்புருசன் எப்பவும் மல்லுக்கு நிப்பாரு நைனா" என்றாள் பவுனம்மாள் திடீரென்று. "ஏன்யா ஒண்டியா சாப்புடற, ஏன்யா கண்ணாலம் பண்ணிக்கல, ஏன்யா மீனு சாவுதுன்னு மேலதிகாரிகிட்ட போயி சத்தம் போடலன்னு எல்லாத்துக்கும் சண்ட. ஆனா செவ்வாக்கெழம காலீல மொத வேலயா படகத் தொடச்சி வெச்சிடுவாரு. சாரு வேட்டி அழுக்காயிடுமாம். அந்த மனுசனா நைனா கொல பண்ணுவாரு?"

"மாட்டாரு" என்றார் சிவந்தி.

காட்டுப்பள்ளிக் கரையில் சவுக்குத் தோப்பு. மணலில் ஒரு கட்டுமரம் இழுத்துப் போட்டிருந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் உசேன் சிவந்தியின் கையைப் பிடித்து நிறுத்தினான். சவுக்குக் குச்சிகளில் கழுவிய புட்டிகள் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கப்பால் ஓலைச் சாய்ப்பு ஒன்று.

"கொலகாரன் உள்ளதான் கீறான். நீ மின்னாடி போ வாத்யாரே, நான் பின்னாடி காவலுக்கு நிக்கிறேன்."

"எவ்வளவு பின்னாடி?"

"படகாண்ட."

அதற்குள் சாய்ப்பிலிருந்து ஓர் ஆள் வெளியே பாய்ந்தான். தாடி மண்டிய முகம், கிழிந்த பனியன், கையில் ஒரு சவுக்குக் கம்பு. "வராதீங்க! புட்டியத் தொட்டா மண்ட உடஞ்சிரும்! உங்க மேனேஜர்ட்ட போய்ச் சொல்லுங்க, நான் எழுதித் தர மாட்டேன்!"

பவுனம்மாள் வீறிட்டாள். "ஐயோ! இந்த ஆளுதான்! இந்த ஆளுதான் நைனா!"

"செத்தவரு மண்டைய ஒடைக்கிறேன்றாரு. இத்த எந்த ஸ்டேசன்ல போயி சொல்றது?" என்று முணுமுணுத்தான் உசேன்.

சிவந்தி ஓரடி முன்னால் வைத்தார். மெட்ராசுக்கு வந்த பிறகு அவர் நாக்கிலிருந்து ஒதுங்கிப் போயிருந்த ஊர்ப் பேச்சு தானாக வந்தது. "ஏ தம்பி, கம்பக் கீழ போடு. நான் கம்பெனி ஆளு இல்ல. சாத்தான்குளத்துக்காரன். நீ எந்தூருப்பா?"

கம்பு தாழ்ந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை காலமாயிற்றோ, கம்பை ஊன்றிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். "உடன்குடி அண்ணாச்சி" என்றான்.

வெள்ளத்துரை உயிரோடு இருந்தான்.

கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார் சிவந்தி. தோல் கம்பெனிக்காரர்கள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாயை வெட்டிவிட்டால் அழுக்கெல்லாம் கடலுக்குப் போய்விடும், ஆறு சுத்தமாகிவிடும் என்று. வெள்ளத்துரையின் சிமெண்ட் ஆறு வேறு சொன்னது. கடல் ஏறும்போது அந்த அழுக்கை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து காட்டுப்பள்ளி உப்பங்கழியில் அடைக்கும் என்றது. சிமெண்ட் ஆறு சொன்னால் யார் நம்புவார்கள்? வாய் வெட்டின பிறகு நிஜ ஆற்றில் தண்ணீர் எடுத்தால்தான் நிரூபிக்க முடியும். மேனேஜர் மிரட்டிவிட்டுப் போனதும், வெட்டுகிற வரைக்கும் தன்னையும் புட்டியையும் விட்டுவைக்கமாட்டார்கள் என்று பயந்துவிட்டான். படகைக் கவிழ்த்து, செருப்பைச் சேற்றில் விட்டு, கரையில் கிடந்த ஒரு கட்டுமரத்தில் இங்கே வந்து ஒளிந்துகொண்டான்.

"செத்தவனை யாரும் மிரட்ட முடியாதுல்லா அண்ணாச்சி. நேத்து எடுத்த புட்டிய மோந்து பாருங்க. உப்பும் இருக்கும், ஆவாரம்பட்டை வாடையும் இருக்கும். கம்பெனில தோலு ஊற வைக்கிற பட்டை. அழுக்கு கடலுக்குப் போவல, திரும்பி வந்துட்டு!" அவன் கண் ஜொலித்தது.

"அதைக் கொண்டு போயி வீட்டுப் பலகையில வச்சியே, அது ஏன்? ஒளிஞ்சிருக்கவன் செய்யிற வேலையா?"

வெள்ளத்துரை தலையைக் குனிந்தான். "செவ்வாய்க்கெழமையில்லா. ஒரு குழிகூட நெறயாம விட மனசு கேக்கல."

"அந்த ஒரு புட்டியாலதான் உன்னைக் கண்டுபிடிச்சேன்."

"யாரு என்னைத் தேடுவான்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றான் அவன். "அம்மா போயிச் சேந்துட்டா. அண்ணன் கடுதாசி போட்டாலும் பதில் போடமாட்டான். ஆபீசுல என் நாற்காலிக்கு வேற ஆளப் போடுவாவ. நான் செத்தா ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லன்னுதான்..."

அதுவரை ஆத்திரத்தை அடக்கி வைத்திருந்த பவுனம்மாள் பாய்ந்து அவன் பனியனைப் பிடித்துக்கொண்டாள். "நட்டம் இல்லியா? நட்டம் இல்லியா? எம்புருசன் லாக்கப்புல கீறாருய்யா! உன்னக் கொன்னுட்டாருன்னு அடிக்கிறாங்கய்யா! ஒரு வேள சோறு தொண்டைல எறங்கல எனக்கு, நீ இங்க புட்டி கழுவிகினு கீற!"

வெள்ளத்துரை விழித்தான். "பாஸ்கரா? பாஸ்கரை எதுக்கு?"

"நீ அவன்கூடத்தான சண்ட போட்ட?" என்றார் சிவந்தி. குரலை உயர்த்தவில்லை. "இந்த ஊருல உனக்குன்னு சண்ட போட ஒரு ஆளு இருந்தான். அவன் ஒருத்தன்தான் உன்ன ஒரு மனுசனா நெனச்சு ஏன் எதுக்குன்னு கேட்டிருக்கான். அதனாலதான் அவன் உள்ள இருக்கான். நீ செத்தா நட்டம் இல்லன்னு யாருப்பா சொன்னது?"

வெள்ளத்துரை எழுந்தான். சவுக்குக் குச்சியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புட்டியை எடுத்தான். "நாளைக்கு அமாவாச. கடல் நல்லா ஏறும். அந்தத் தண்ணிய எடுத்துட்டா என் ஆறு முடிஞ்சிரும் அண்ணாச்சி. நேத்தையது ஒண்ண வச்சி அவனுவ ஒத்துக்க மாட்டானுவ. ரெண்டு வருசம்..." என்று ஆரம்பித்தான். பவுனம்மாளின் முகத்தைப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் அந்தப் புட்டிக்குத் தக்கையைப் போட்டான். காலியாகவே. பெட்டியில் வைத்து மூடினான். "போவோம்" என்றான். "இப்பவே போவோம்."

திரும்புகிற வழியில் வெள்ளத்துரை படகின் நுனியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளைக்குக் கடல் ஏறி வரப்போகிற அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்தான். பவுனம்மாள் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினாள்.

"எங்க மொள்ளணும் சார்?"

"என்னம்மா?"

"நாளிக்கி நீ ஸ்டேசன்ல ரைட்டர் மின்னாடி குந்திகினு இருப்ப. எங்க, எவ்ளோ ஆழத்துல மொள்ளணும்னு சொல்லு. எங்க குப்பத்துல எல்லார்க்கும்தான் கை கீது. நீ ஒரு நாளாச்சும் கேட்டிருந்தா ஆளுக்கு ஒரு புட்டி மொண்டு குடுத்திருப்போமே. சாவற மீனு எங்க மீனுதான?"

இரண்டு வருஷமாக அந்த எண்ணம் வெள்ளத்துரைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பிறகு பெட்டியைத் திறந்து காலிப் புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ஒரு முழக் கயிற்றையும் கொடுத்து, எங்கே விட வேண்டும், எப்படித் தக்கையைத் தட்ட வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. உசேன் அதைப் பார்க்காதவன் போல மறுபக்கம் திரும்பி உப்பளத்தை ரசித்தான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கருணாகரனின் மீசை முதலில் இறங்கியது, பிறகு குரல் ஏறியது. படகைக் கவிழ்த்துப் போலீசை ஏமாற்றியதற்கு வெள்ளத்துரை மேல் ஒரு கேஸ் போடுவதாகச் சொன்னார். தாராளமாகப் போடுங்கள், அதே கோர்ட்டில் மேனேஜர் மிரட்டின கதையையும் ஆவாரம்பட்டை வாடையையும் அவர் சொல்லட்டும் என்றார் சிவந்தி. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தோல் கம்பெனிக்காரன் சமாசாரம் தனி, அதற்கு இனிமேல்தான் புட்டிகள் பேச வேண்டும்.

கம்பிக் கதவு திறந்து பாஸ்கர் வெளியே வந்தான். உதடு வீங்கியிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் தலை குனிந்து நின்றவனைப் பார்த்தான்.

"யோவ் சாரு" என்றான் பாஸ்கர். "இன்னாய்யா இது தாடி? துன்னியா இல்லியா நீ?"

வெள்ளத்துரை அங்கேயே, ரைட்டர் மேசைக்கு முன்னாலேயே, கையெடுத்துக் கும்பிட்டான்.

பஸ் திருவொற்றியூரைத் தாண்டியது. கேஸ் முடிந்தால் வரும் சந்தோஷம் சிவந்திக்கு வரவில்லை. மாடி அறையும் கெடிகாரமும் கண்ணுக்குள் நின்றன. உசேன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு அவரை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"வாத்யாரே, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ பாட்டுக்கு ஒரு நாளு சொல்லாம கொள்ளாம எங்கியாச்சும் பூட்டேன்னு வையி, போலீஸ்காரன் மொதல்ல இஸ்துகினு போவப் போறது என்னத்தான். தெனம் உங்கூட சண்ட போடறவன் நான் ஒருத்தன்தான கீறேன்? பேஜாராப் பூடும். எங்க போனாலும் சொல்லிட்டுப் போ."

சிவந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராயபுரத்தில் இறங்கி மண்டிக்குத் திரும்பும் முனையில் ஒரு பாத்திரக் கடை. அவர் உள்ளே போய் ஒரு பித்தளை டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாத்துக்கு இது? உங்கிட்டதான் ஒண்ணு கீதே?"

"மேல வா. டீ போடுறேன். குடிச்சிட்டுச் சண்ட போடலாம்."

உசேன் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் படியில் ஏறியதே இல்லை. "சர்க்கர தூக்கலா போடணும்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் ஏறினான்.